சிலிப்பாடி அண்ணனும் என் இடது கையும்

ஈப்போ ஊரில் சூரியனையே "வேலை ஒழுங்கா செய்யல" என்று ஏசிய ஆள் ஒரே ஒருவர்தான். அவரைச் சிலிப்பாடி அண்ணன் என்போம். நம் ஊர்க் குட்டி மிளகாய் தெரியுமே, அதேதான். உருவம் விரல் நீளம், வாயில் பட்டால் கண்ணில் தண்ணீர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். முகத்துக்கு நேரே "அண்ணே", முதுகுக்குப் பின்னால் மிளகாய்.

அவர் மேல் எனக்குக் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் தங்கமானவர், தெய்வம் மாதிரி என்று எழுதுகிறார்கள். நான் அப்படி எழுதப் போவதில்லை. அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, நானும் அம்மாவும் ஜெலாப்பாங்கில் ஒரு பலகை வீட்டுக்குக் குடி வந்தோம். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். எழுபதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், கடையில் எனக்கு வேலை கிடைத்தது. துணியில் பெரிய பெரிய பேனர் அச்சடிக்கும் கடை. சினிமாக் கொட்டகை, மளிகைக் கடை, கோயில் திருவிழா, மாதா கோயில் திருநாள் எல்லாவற்றுக்கும் அங்கேதான் வருவார்கள். மரச் சட்டத்தில் மெல்லிய பட்டுத் துணியை இழுத்துக் கட்டி, படத்துக்கு வேண்டாத இடத்தை அடைத்து, மேலே மையை ஊற்றி ரப்பர் கட்டையால் இழுத்தால், அடியில் விரித்த துணியில் படம் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். நான் சட்டம் கழுவுகிறவள். சிலிப்பாடி அண்ணன் நிறம் கலக்கிறவர்.

டின்னைத் திறந்து ஊற்றினால் நிறம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சிவப்பு டின் ஒன்றைக் காட்டி, "நல்ல நெறம்ணே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நான் அதிகம் வாய் திறக்கிறவள் இல்லை. திறந்த அன்றைக்கே கிடைத்தது.

"ஏ புள்ள, டின்னுல இருக்கிறது நெறமா? அது வெறும் மை. துணியில இறங்கி, காஞ்சு, வெயில் பட்டு, தூரத்துல நின்னு பாக்கிறப்ப என்னாவா தெரியுதோ அதுதான் நெறம். புரிஞ்சுதா? என்னா முழிக்கிற?"

அவருக்கு ஒரு முறை இருந்தது. புதுத் துணிச் சுருள் வந்தாலும் சரி, புது மை டின் வந்தாலும் சரி, முதலில் ஒரு துண்டுத் துணியில் சின்னச் சின்னக் கட்டமாக அடிப்பார். மெல்லிசாக ஒரு கட்டம், கெட்டியாக ஒரு கட்டம், மஞ்சள் மேல் சிவப்பு, சிவப்பு மேல் நீலம் என்று துணி முழுக்கக் கட்டங்கள். அப்படி நான்கு துண்டு. ஒன்று தகரக் கூரை மேல் வெயிலில் கிடக்கும். ஒன்று டியூப் லைட்டுக்கு அடியில் தொங்கும். ஒன்று மழைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் கீழே. நான்காவது துண்டு வெளிச்சமே படாமல் பிஸ்கட் டின்னுக்குள் தூங்கும். சில நாள் கழித்து நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த நிறம் எவ்வளவு ஓடிப்போனது, எது கறுத்தது, எது அசையாமல் நிற்கிறது என்று பார்ப்பார். அதற்குச் 'சாட்சி' என்று பெயர். சாட்சி பார்க்காமல் எந்த வேலையிலும் கை வைக்க மாட்டார்.

தவுக்கேக்கு இதைப் பார்த்தாலே வயிறு எரியும். இருவரும் மலாயில் கத்திக்கொள்வார்கள். முழுவதையும் எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள். பாதியைத் தமிழில் சொல்கிறேன்.

"உன் சாட்சிக்குப் போற துணியில நான் ரெண்டு பேனர் வித்திருப்பேன் லா!"

"வித்துட்டு? நாலே நாள்ல வெளுத்துப்போயி உன்கிட்டயே திரும்பி வரும். மடிச்சுத் தலைக்கு வச்சுப் படுத்துக்கோ!"

ஒரு தடவை அண்ணனுக்குக் காய்ச்சல். இதுதான் சமயம் என்று தவுக்கே சாட்சியே பார்க்காமல் ஒரு மசாலாத் தூள் பேனரை அடிக்க வைத்தார். கடைத்தெருவின் குறுக்கே கட்டுகிற அளவு பெரிய பேனர். அவ்வளவு பெரிய சட்டம் கிடையாது. துண்டு துண்டாக அடித்துத் தைக்க வேண்டும். பாதித் துண்டு பழைய சுருள், பாதி புதுச் சுருள். ஈரத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. காய்ந்து, தைத்து, தெருவில் தூக்கிக் கட்டிய பிறகு பார்த்தால், கையில் கரண்டி வைத்துச் சிரிக்கும் அந்தப் பெண்ணுக்கு மூக்கு நடுவே ஒரு கோடு. இடது கன்னம் கோதுமை நிறம், வலது கன்னம் மஞ்சள் காமாலை. மசாலா வாங்க வந்தவர்கள் எல்லாம், "இதைச் சாப்பிட்டா இப்படித்தான் ஆவுமா?" என்று கடைக்காரரைக் கேட்டார்களாம்.

அண்ணன் காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து, அதன் கீழே நின்று சிரித்தார் பாருங்கள், அன்று ஒரு நாள்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன். அந்தச் சிரிப்பு அவர் கோபத்தைவிடப் பயங்கரம்.

சூரியனை ஏசிய கதைக்கு வருகிறேன். எந்தச் சாட்சியையும் கடைசியில் தெருவுக்கு எடுத்துப் போய் நட்ட நடு வெயிலில் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. ஈப்போவில் மத்தியானம் ஆனால் மேகம் வந்துவிடும், உங்களுக்குத் தெரியும். துணியை விரித்துப் பிடித்து எதிர்ப்பக்கம் வரை பின்னால் நடந்து போவார். பஸ் வந்து ஹாரன் அடிக்கும். அந்த நேரம் பார்த்து மேகம் மூடும். அவ்வளவுதான். தலையைத் தூக்கி, "டேய்! சம்பளம் வாங்குறவன் மாதிரியாடா வேலை செய்யிற? பத்து நிமிசம் ஒழுங்கா நிக்க முடியாதா?" என்று கையை ஓங்குவார். துணியின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். பார்க்கிறவர்கள் என்னைத்தான் ஏசுகிறார் என்று நினைப்பார்கள். நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

மீ என்கிற நூடுல்ஸ் விற்கிற சீனக் கிழவரைக் கூப்பிட்டு, "இது என்னா நெறம்?" என்று கேட்பார். அவர் "மேரா" என்பார். "மேராவா? சிவப்புன்னு சும்மா சொன்னா ஆச்சா? என்னா மேரா? தக்காளி மேராவா? ரத்த மேராவா? கண்ணு இருக்கா உனக்கு?" என்று கிழவரோடு சண்டை. இத்தனைக்கும் தினம் மத்தியானம் அவரிடம்தான் மீ சாப்பாடு.

முதல் சம்பளத்தில் நான் ஒரு ரோஜாப்பூ நிறப் பாவாடை சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார். "உன் சட்டை என் வெள்ளைத் துணியில விழுது! எல்லாம் ரோசாவா தெரியுது! போ, மாத்திக்கிட்டு வா!" அன்று முதல் கடையில் எல்லோருக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு நீளச் சட்டை. இப்போது யோசித்தால், சுவரில் இருந்து, உடுப்பில் இருந்து நிறம் தெறித்து அச்சு மேல் விழும் என்பது உண்மைதான். ஆனால் அதை ஒரு வயசுப் பெண்ணிடம் சொல்லும் விதமா அது? பஸ்ஸில் என்னை ஆஸ்பத்திரியில் கூட்டுகிறவள் என்றுதான் நினைத்தார்கள்.

இதெல்லாம் போகட்டும். என் கோபத்துக்கு வேர் எங்கே என்றால், அந்த டின்னில்.

வெளிநாட்டில் இருந்து ஒரு புது மை டின் வந்தது. மேலே ஏதோ இங்கிலீஷில் எழுதியிருந்தது. எங்களோடு வேலை பார்த்த ஆ மோய் என்ற சீனப் பெண் படித்து, "தோல் நிறம்னு போட்டிருக்கு லா" என்றாள். அண்ணன் துணியில் ஒரு கட்டம் அடித்துக் காய வைத்துப் பார்த்தார். அவித்த எறா மாதிரி ஒரு ரோஸ்.

"யாரு தோலு இது?" என்று கேட்டார். "கேக்கிறேன்ல, யாரு தோலு? இந்தப் பேரா மாநிலத்துல எவன் இந்த நெறத்துல இருக்கான்? வெள்ளைக்காரன் தோட்டத்தை வித்துட்டுக் கப்பல் ஏறிட்டான், தோலை மட்டும் டின்னுல விட்டுட்டுப் போயிட்டானா?"

டின்னைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். தெருக்கோடி வரை ரோஸ் ஓடியது. தவுக்கே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் திரும்பி வந்து எங்களைப் பார்த்து, "கையை நீட்டுங்க" என்றார்.

மூன்று கை. ஆ மோய் கை, லோரி ஓட்டும் மலாய்க்காரர் யூசோப் கை, என் கை. எந்த பேனரில் மனித முகம் வந்தாலும் இந்த மூன்றில் ஒரு கையை வைத்துத்தான் இனி நிறம் என்றார். கலந்த மையை நம் கையில் ஒரு பொட்டாக வைப்பார். காய்ந்ததும் வெளிச்சத்தில் பார்ப்பார். பொட்டு தோலோடு சேர்ந்து காணாமல் போனால் சரி. கண்ணுக்குத் தெரிந்தால், இன்னும் கொஞ்சம் மஞ்சள், இன்னும் ஒரு சொட்டு நீலம், மறுபடி ஒரு பொட்டு. கோயில் பேனர், மளிகைக் கடை பேனர் எல்லாவற்றிலும் தமிழ் முகம்தானே? அதனால் அதிகம் மாட்டியது என் இடது கை. ஒரு நாள் பொட்டுக்களோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் தள்ளி நின்று, "அம்மை போட்டிருக்காம்மா?" என்றான். என் பக்கத்து இருக்கை ஜெலாப்பாங் வரை காலி.

அதோடு விட்டாரா? ஒரு கறுப்புக் குடையை வாங்கி என் கையில் திணித்தார். பாசத்தில் இல்லை. "வெயில்ல சுத்தாத புள்ள. கை கறுத்துட்டா என் கணக்கு கெட்டுப் போவும்." பழைய தோட்டத்துத் திருவிழாவுக்கு நான் போய் வந்தபோது, முழங்கையைப் பிடித்துப் பார்த்து, "என்னா செஞ்சு வச்சிருக்க? மாரியம்மன் பேனரு பாதியில நிக்குது!" என்று குதித்தார். வீட்டில் அம்மாவும் அன்று அதே குதிதான். "இன்னும் கறுத்துட்டு வந்து நிக்கிறாளே, இவளை எவன் கட்டுவான்?"

எவன் கட்டுவான் என்பதுதான் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் காலையும் மாலையும் ஓடிய பேச்சு. என் வயதுக்காரிகள் எல்லோரும் பிள்ளை குட்டியோடு இருந்தார்கள். எனக்கும் கல்யாண ஆசை இல்லாமல் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிறைய இருந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லாம் காப்பி குடித்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் நெறம் மட்டு" என்று சொல்லி எழுந்தார்கள். பேசாமல் போனால்கூடப் பரவாயில்லை. என் காது கேட்கவே சொல்லிவிட்டுப் போவார்கள்.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். என்னை ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய், முகத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல் பவுடர் அடித்து, விளக்குகளுக்கு நடுவில் உட்கார வைத்துப் படம் எடுத்தார். ஸ்டூடியோக்காரர் மேலே தூரிகையால் கொஞ்சம் ரோஸ் தீட்டிக் கொடுத்தார். படத்தில் இருந்தவள் எனக்கே அறிமுகம் இல்லாதவள். அந்தப் படம் கோலா கங்சார் பக்கம் ஒரு கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்துக்குப் போனது. அங்கே ஆஃபீஸில் கணக்கு எழுதும் கிராணியின் மகன்தான் மாப்பிள்ளை. படத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் சம்மதம் சொல்லி, பெண் பார்க்க நாள் வைத்தார்கள். அம்மா அழுதேவிட்டார். நான் இன்னொரு பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஆ மோய் அதைப் பிடுங்கி, "சந்தேக் லா! ரொம்ப அழகு! சினிமாக்காரி மாதிரி!" என்று கடை முழுக்கக் காட்டினாள்.

அது சிலிப்பாடி அண்ணன் கைக்குப் போனது.

"இது யாரு?"

"நம்ம தோழிதான் லா. கல்யாணம் பேசியாச்சு, கோலா கங்சார்ல."

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜன்னலுக்குப் போய் மறுபடி படத்தைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "பொய்ச் சாட்சி!" என்று கத்தினார். நான் படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன் என்று எழுத ஆசைதான். நான் சட்டம் கழுவப் போய்விட்டேன். படம் அவரிடமே இருந்தது.

பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. யூசோப் சொல்லித்தான் தெரியும். கோடுகளுக்கு அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, நிறத்துக்கு என் கைக்காகக் கலந்து வைத்திருந்த மைகளை எடுத்து, கதவு உயரத்துக்கு என் முகத்தை மட்டும் ஒரு துணியில் அடித்திருக்கிறார். அந்த வாரம் கோலா கங்சாருக்கு ஒரு கடை பேனர் கொண்டு போக வேண்டியிருந்தது. லோரியில் இவரும் ஏறிக்கொண்டார்.

கிராணி வீட்டு வாசலில் இறங்கி, வணக்கம் கூடச் சொல்லவில்லையாம். கிராணியை ஒரு முனை, அவர் மகனை ஒரு முனை பிடிக்கச் சொல்லித் துணியை விரித்தார்.

"வெளிச்சத்துல பிடிங்க! இன்னும் மேல! சாரு, உங்க நெழல் மூஞ்சியில விழுது, தள்ளி நில்லுங்க! ம்ம். இதான் பொண்ணு. நீங்க பாத்த படம் சரியில்ல. சரக்கு வீட்டுக்கு வந்த பெறகு நெறம் வேறயா இருக்குன்னு திருப்பி அனுப்பக் கூடாது. சரின்னா இந்த மூலையில கையெழுத்துப் போடுங்க."

கிராணியின் மனைவி வெளியே வந்து பார்த்தாள். "இம்புட்டுக் கறுப்பா!" என்றாள்.

அங்கேதான் மிளகாய் வெடித்ததாம். "கறுப்பா? யாரு சொன்னா கறுப்புன்னு? மஞ்ச, செவப்பு, அதுல நீலம் ஒரு சொட்டு. கறுப்பு டின்னை நான் தொறக்கவே இல்லம்மா! ஒரு பொட்டுக் கறுப்பு இந்தத் துணியில இருந்தாக் காட்டுங்க, இங்கயே தின்னுடுறேன்!"

நாயை அவிழ்த்துவிட்டார்கள். யூசோப் லோரியைக் கிளப்பிவிட்டார். "துணி துணி!" என்று யூசோப் கத்த, "சாம்பிளைத் திரும்ப எடுக்கிறதில்ல, போலாம் போ!" என்றாராம் இவர், ஓடிக்கொண்டே.

பெண் பார்க்க யாரும் வரவில்லை. படத்தில் ஒன்றைக் காட்டி ஏமாற்றப் பார்த்தீர்களா என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அம்மா அடுப்பங்கரையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா கத்தியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். சத்தமே இல்லாமல் அழுதார்.

மறுநாள் கடைக்குப் போய் நேரே அவர் மேசை முன்னால் நின்றேன். அத்தனை வருடத்தில் அந்தக் கடையில் என் குரல் உயர்ந்து கேட்டவர்கள் கிடையாது.

"யாரைக் கேட்டு என் மொகத்தை ஊர் ஊராத் தூக்கிட்டுப் போனீங்க? நான் என்னா உங்க கடை டின்னா? நெனச்சப்ப தொறந்து ஊத்துறதுக்கு? எங்கம்மா நேத்துலேர்ந்து சாப்பிடல. இனிமே எனக்கு யாரு வருவா? நீங்க கொண்டாந்து நிறுத்துவீங்களா? சொல்லுங்க!"

ரப்பர் கட்டைகள் எல்லாம் நின்றுவிட்டன. தவுக்கே கணக்கு மேசையில் இருந்து எழுந்துவிட்டார். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? என் கையையே பார்த்தார். பார்த்துவிட்டு, ரொம்ப மெதுவாக, "கோவப்படாத புள்ள. ரத்தம் ஏறுது. நெறம் மாறுது" என்றார்.

கையில் இருந்த கட்டையை அவர் காலடியில் விட்டெறிந்தேன். அன்றிலிருந்து மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை போட்டேன். கையை நீட்டவே இல்லை.

அவரும் கேட்கவில்லை. அதுதான் ஆச்சரியம். "ஏ புள்" என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கிவிட்டு, வேறு பக்கம் திரும்பி ஆ மோயை ஏசுவார். என் கைக்குப் பதிலாக என்னென்னவோ கொண்டு வந்தார். ஒரு நாள் குலா மலாக்கா வெல்லக் கட்டி. ஒரு நாள் புளி. ஒரு நாள் புகை போட்ட ரப்பர் ஷீட். அவற்றை வரிசையாக வைத்து மையைக் கலந்து கலந்து பார்ப்பார். ஆ மோய் வந்து என் காதில் சொன்னாள்: "வெல்லத்துல உசிரு இல்லைன்னு தனியா ஏசிக்கிட்டு இருக்கிறாரு லா." நான் சிரிக்கவில்லை. வீட்டில் அம்மா அப்போதும் இரவில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு என்ன சிரிப்பு?

பல மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலா கங்சாரில் இருந்து ஒருவர் தன் அக்காவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தக் கிராணியின் தோட்டத்தில் இருந்து ரப்பர் பால் ஏற்றிப் போகும் லோரியின் டிரைவர்.

கிராணியின் மனைவி என்னை வேண்டாம் என்றாளே தவிர, என் துணியை வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல கெட்டித் துணி. வீட்டுப் பக்கவாட்டில் விறகு நனையாமல் இருக்க அதை இழுத்துக் கட்டியிருக்கிறாள், முகம் வெளிப்பக்கம் தெரிய. பால் ஏற்ற தினமும் அந்த வழியாக வந்தவருக்கு எதிரே கதவு உயரத்தில் நான். துணி மூலையில், கையெழுத்துக்காக விட்ட இடத்துக்குப் பக்கத்தில் கடைப் பெயர். கடைக்கு வந்து யூசோபிடம் விசாரித்து, வீடு தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்.

அவர்கள் வருவதாகச் செய்தி வந்ததுமே அம்மா என்னைத் தனியே இழுத்து, "அந்தப் பேயிக்கு மட்டும் தெரியக் கூடாது" என்று சத்தியம் வாங்கியிருந்தார். நான் ஆ மோயிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அது போதாதா?

நான் காப்பித் தட்டோடு வந்து நின்றேன். அக்கா, "பாத்துக்கடா தம்பி" என்றார். அவர் ஒரு விநாடி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். "துணியில இருக்கிற மாதிரியேதான் இருக்காங்க" என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது வாசலில் இருந்து, "பொய்!" என்று ஒரு சத்தம்.

சிலிப்பாடி அண்ணன். வேர்க்க வேர்க்க, கையில் ஒரு சாட்சித் துணியோடு.

"அத்தனை மாசம் வெயில்லயும் மழையிலயும் கெடந்த துணி. செவப்பு முதல்ல ஓடிப் போயிரும், எங்கிட்ட சாட்சி இருக்கு, பாரு! செவப்புப் போனா மிச்சம் பச்சைதான் தட்டும். இந்தப் புள்ள பச்சையாவா இருக்கு? சொல்லுய்யா! இருக்கா? ஒண்ணு உனக்குக் கண்ணு தெரியல, இல்ல நீ பொய் சொல்ற. கண்ணு தெரியாதவன் லோரி ஓட்டக் கூடாது, பொய் சொல்றவன் கல்யாணம் கட்டக் கூடாது!"

அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டார். இரண்டாவது தடவையும் இந்த ஆள் என் வாழ்க்கையில் மண்ணைப் போடுகிறாரே என்று பல்லைக் கடித்தேன். அக்கா, "என்னா தம்பி இது, எந்திரி போலாம்" என்று எழுந்துவிட்டார்.

டிரைவர் எழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, ரொம்ப மெல்லிய குரலில் பேசினார். "அவரு சொல்றது சரிதான்கா. துணி மங்கித்தான் போச்சு. இவங்க நேர்ல அதைவிட ரொம்ப நல்லா இருக்காங்க. அதை எப்படிக்கா இத்தனை பேர் முன்னால சொல்றது?"

அம்மாவின் துடைப்பம் தானாகக் கீழே இறங்கியது.

"எந்த வெளிச்சத்துல பாத்த?" என்றார் அண்ணன், விடாமல்.

"காலையில. பால் ஏத்த வாறப்ப."

"காலை வெளிச்சம் பரவால்ல" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்கு வைத்திருந்த காப்பியை எடுத்துக் குடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

'நேர்ல ரொம்ப நல்லா இருக்காங்க' என்ற அந்த வார்த்தையை என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டாலும் சிரித்துக்கொண்டு லோரியைத் துடைக்கப் போய்விடுவார். அன்றைக்கு அண்ணன் அவர் கழுத்தில் துணியைப் போட்டு இறுக்கியதால்தான் வந்தது.

கல்யாணம் ஈப்போவில் ஒரு கோயில் மண்டபத்தில். தாலி கட்டி முடிந்து, படம் எடுக்கிறவர் எங்களை மேடையில் நிற்க வைத்தார். கூட்டத்துக்குள் இருந்து பழைய குரல் கிளம்பியது. "டியூப் லைட்டுல எடுக்காத! எல்லாரு மூஞ்சியும் செத்துப் போன மாதிரி வரும்! வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!" மாலையும் கழுத்துமாக எங்களை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். உச்சி வெயில். சிமிண்டுத் தரை கொதிக்கிறது. சம்பந்தி வீட்டார் வெறுங்காலோடு ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இவர் படக்காரரைத் தள்ளிவிட்டு, என் முந்தானையால் என் கன்னத்துப் பவுடரைத் துடைக்கச் சொல்லி, "தலையைத் தூக்கு புள்ள, யாருக்குப் பயப்படுற?" என்று கத்துகிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மாப்பிள்ளையின் பெரியம்மா காலைத் தேய்த்துக்கொண்டு என் அருகில் வந்தார். "யாரும்மா இந்த ஆளு? கல்யாணத்துக்கு வந்தவங்களை எல்லாம் இப்படி வறுத்து எடுக்கிறாரு?"

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மணப்பெண் அன்றைக்குப் பேசக் கூடாது என்பார்கள். நான் முந்திக்கொண்டேன்.

"எங்க வீட்டு ஆளுதாங்க" என்றேன்.